பழைய பியு ஸ்கோப்: டிரம்மில் உள்ள எண்கள், ஜீரோ, நடுவில் நிற்காத ரெட்டிகிள்

வடகரை கேட்டது:

மோசின் நாகண்ட் 91/30 ரைபிள், கோசெட்டோவ் மவுண்ட் (ஸ்கோப்பை ரைபிளில் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு), அதில் சோவியத் பியு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). ஸ்கோப்பில் 1943 என்று பொறித்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது. டிரம்கள் (குறியைத் திருத்தத் திருப்பும் குமிழ்கள்) இரண்டும் இறுக்கமாக, ஆனால் சீராகச் சுழல்கின்றன.

மேல் டிரம்மில் 1 முதல் 13 வரை எண்கள். பக்கவாட்டு டிரம்மில் நடுவே 0, ஒரு பக்கம் +10 வரை, மறுபக்கம் −10 வரை. திருப்பும்போது படிப்படியாக நிற்கும் கிளிக் என்ற ஒன்றே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினால் எவ்வளவு நகரும் என்று எங்கும் எழுதவில்லை.

மேலே 1, பக்கத்தில் 0 என்று வைத்து 100 மீட்டரில் சுட்டால், குறிவைத்த இடத்துக்கு 20 செ.மீ. கீழேயும் 31 செ.மீ. வலப்பக்கமாகவும் படுகிறது. டிரம்மைத் திருப்பியே குறிக்குக் கொண்டுவந்துவிட முடிகிறது. ஆனால் அப்போது மேல் டிரம் 3-க்கும் 4-க்கும் நடுவே நிற்கிறது, பக்க டிரம் −3-ல் நிற்கிறது. உள்ளே ரெட்டிகிளும் (குறிவைக்கும் கோடுகள்) வட்டத்தின் நடுவை விட்டு வலப்பக்கம் கீழே ஒதுங்கித் தெரிகிறது.

கேள்விகள் மூன்று. எண்களுக்குப் பொருள் என்ன? 100 மீட்டரில் சரியாகப் படும்போது டிரம் 1 என்று காட்டச் செய்வது எப்படி? ரெட்டிகிள் ஒதுங்கி நிற்பது பழுதா? டிரம்மின் முகப்பில் சின்னத் திருகுகள் தெரிகின்றன. எதற்கென்று தெரியாமல் அவற்றைத் தொட விரும்பவில்லை.

---

மில்லும்மீட்டரும் பதில்:

தொடாமல் விட்டதே பெரிய காரியம். அந்தத் திருகுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்கள். மேல் டிரம்மில் இருப்பது தூரம், நூறு மீட்டர் கணக்கில். 1 என்றால் 100 மீட்டர், 4 என்றால் 400, 13 என்றால் 1300. கோணத்தை எண்ணிக் கணக்குப் போடும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, விடையை மட்டும் டிரம்மில் வெட்டிவிட்டார்கள். போகப்போக எண்களுக்கு இடையிலான இடைவெளி அகன்றுகொண்டே போவதைக் கவனியுங்கள். தூரம் கூடக்கூடக் குண்டு வேகம் இழந்து மேலும் மேலும் சரிந்து விழத் தொடங்குகிறது. அதனால் 100-லிருந்து 200-க்கு வேண்டிய திருப்பத்தை விட 900-லிருந்து 1000-க்கு வேண்டிய திருப்பம் பல மடங்கு அதிகம்.

பக்க டிரம்மில் இருப்பது கோணம். ஒரு கோடு ஒரு மில். ஆனால் இது சோவியத் மில்: ஒரு முழு வட்டத்தை 6000 பங்காகப் பிரித்தது. 100 மீட்டரில் ஒரு கோட்டுக்கு 10.5 செ.மீ. நகரும். எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு கோடு 3.6 எம்.ஓ.ஏ. உங்கள் 31 செ.மீ. மூன்று கோட்டில் சரியானதும் இதனால்தான். அந்த டிரம் அளவு மாறாமல் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று.

கிளிக் இல்லாதது குறை அல்ல, அமைப்பே அப்படி. உராய்வுதான் டிரம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கண்ணால் கோட்டைக் குறியோடு பொருத்தி வைக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு பாதி, கால் என்று எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

அடுத்து ரெட்டிகிள். இந்த இடத்தில்தான் புதிய ஸ்கோப்பில் பழகியவர்கள் எல்லாரும் குழம்புகிறார்கள். இன்றைய ஸ்கோப்பில் டரெட்டை (டிரம் போன்ற குமிழை) திருப்பினால் உள்ளே உள்ள சிறு குழாய், அதிலுள்ள லென்ஸ்களோடு சேர்ந்து சாய்கிறது. பார்ப்பவருக்கு ரெட்டிகிள் எப்போதும் நடுவிலேயே நிற்பதாகத் தெரியும். பியு-வில் அப்படி இல்லை. டிரம்மின் திருகு ரெட்டிகிள் பொருத்திய சட்டத்தையே நேராகத் தள்ளுகிறது. ஒரு வில் (ஸ்பிரிங்) அதை எதிர்ப்பக்கமிருந்து அழுத்திப் பிடிக்கிறது. ரெட்டிகிள் நிஜமாகவே நகர்கிறது, அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ஒதுங்கி நிற்பது பழுது இல்லை.

நகரும் திசையை மனதில் வைத்துக்கொள்ள ஒரே விதி போதும்: ரெட்டிகிள் ஒரு பக்கம் போனால் குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் போகும். தூரத்தைக் கூட்டும்போது ரெட்டிகிள் கீழே இறங்கும். அதைத் திரும்பக் குறிமேல் வைக்க நீங்கள் குழல் முனையை உயர்த்துவீர்கள், குண்டு மேலே போகும். குண்டை இடப்பக்கம் கொண்டுவர ரெட்டிகிள் வலப்பக்கம் போக வேண்டும். உங்களுக்கு வலப்பக்கம் கீழே ஒதுங்கியதன் காரணம் முழுக்க இதுதான். இந்த விதி தெரிந்தால் + எந்தப் பக்கம், − எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே திருப்பினால் போதும்.

இனி அந்தச் சின்னத் திருகுகள். எண் வெட்டிய வளையத்தையும் உள்ளே இருக்கும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பவை அவை. தளர்த்தினால் வளையம் தண்டைச் சுற்றித் தனியாக வழுக்கும். 100 மீட்டரில் சரியாகப் படும்படி வைத்துவிட்டு, திருகுகளை அரைச் சுற்று அளவுக்குத் தளர்த்தி, தண்டு நகராமல் பிடித்துக்கொண்டு வளையத்தை மட்டும் 1-க்குத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். முழுதாகக் கழற்றாதீர்கள். கீழே விழுந்தால் கிடைக்காது, அந்த மரையில் வேறு திருகும் எளிதில் பொருந்தாது. முனை சரியாகப் பொருந்தும் கடிகாரத் திருப்புளியை எடுங்கள். அகலம் குறைந்த முனை திருகுத் தலையின் வெட்டைச் சிதைத்துவிடும்.

வளையத்தை நகர்த்தும்போது தண்டும் சேர்ந்து நகர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, ரைபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, ரெட்டிகிள் முனை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று முன்னும் பின்னும் பாருங்கள். ஸ்கோப்பைப் பார்க்க, தொட, திருப்பத் தொடங்கும் முன் போல்ட்டை (தோட்டாவை ஏற்றும் அசையும் பகுதியை) கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். மோசினில் அது ஒரு நொடி வேலை.

---

பழையஉருக்கு பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வடகரை, இப்போதே அந்த வளையத்தை வழுக்கி வைத்துவிட்டால் எண் சரியாகும், அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். 100 மீட்டருக்கே ரெட்டிகிள் கீழே இறங்கி நிற்கிறது என்றால், 600, 800 என்று வைக்கும்போது இன்னும் எங்கே இறங்கும்? சட்டம் நகரும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை முட்டிவிட்டால் டிரம் மேற்கொண்டு சுழலாது. பலம் போட்டால் மரை போய்விடும். அதுவும் தவிர ஓரத்தில் படம் மங்கும். 22 மி.மீ. முன்கண்ணாடி உள்ள சிறிய ஸ்கோப் இது, 3.5 மடங்கு பெருக்கம். நடுப்பகுதிதான் அதன் நல்ல பகுதி.

டிரம் இருப்பது நுண்திருத்தத்துக்கு. பெருந்திருத்தம் மவுண்டில்தான் செய்ய வேண்டும். அந்தக் காலத்து ஸ்கோப் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். ஜெர்மன் வேட்டை ஸ்கோப்கள் பலவற்றில் மேலே ஒரே ஒரு டிரம்தான், இட வலத் திருத்தம் முழுக்க மவுண்டில். அமெரிக்காவின் அனர்ட்ல் குறிப்பயிற்சி ஸ்கோப்பில் குழாய்க்குள் எதுவுமே நகராது. பின் மவுண்டில் இருக்கும் மைக்ரோமீட்டர் திருகுகள் முழு ஸ்கோப்பையும் தள்ளும். அதனால்தான் அவற்றில் இரண்டு மவுண்டுக்கும் இடையே 7.2 அங்குலம் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். ஒரு கிளிக் 0.0005 அங்குலம், 7.2 அங்குல இடைவெளியில் அது 100 கஜத்தில் சரியாகக் கால் அங்குலம். இடைவெளியை மாற்றினால் கிளிக்கின் மதிப்பே மாறிவிடும்.

உங்கள் கோசெட்டோவ் மவுண்டுக்கு வருவோம். முன்பக்கம் உருண்டை முனையில் உட்கார்ந்து, அந்தப் புள்ளியைச் சுற்றி மேலும் கீழும் அசையும். பின்பக்கம் மவுண்டின் நீட்டம் மேலொன்று கீழொன்றாக இரண்டு திருகுகளுக்கு நடுவே நிற்கிறது. பெரிய கைத்திருகு எல்லாவற்றையும் அடித்தகட்டோடு சேர்த்து இறுக்குகிறது. உயரத்துக்கான பெருந்திருத்தம் அந்த மேல் கீழ்த் திருகுகளில்.

விதி: ஸ்கோப்பின் பின்பக்கம் எங்கே போகிறதோ குண்டும் அங்கேயே போகும். இரும்புப் பின்குறியை உயர்த்தினால் குண்டு உயர்வது போலவேதான். டிரம்முக்குச் சொன்ன எதிர்ப்பக்க விதியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செய்யும் வரிசை முக்கியம். பக்க டிரம்மை ரெட்டிகிள் நடுவில் வரும் இடத்தில் வையுங்கள். மேல் டிரம்மை 1-ல் வைத்தால் ரெட்டிகிள் நடுவுக்குச் சற்று மேலே நிற்பது நல்லது, மேலே போகும் தூரங்களுக்குக் கீழே இறங்க இடம் வேண்டும். பிறகு போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாக 50 மீட்டரில் ஒரு பெரிய கறுப்பு வட்டத்தைப் பார்த்து நடுவில் வைத்து, ரைபிள் அசையாமல் ஸ்கோப்பில் பாருங்கள். வட்டமும் ரெட்டிகிள் முனையும் ஒத்துவரும் வரை, கைத்திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டு மேல் திருகைத் தளர்த்தி, கீழ்த் திருகை ஏற்றுங்கள். உங்களுக்குக் குண்டு 20 செ.மீ. கீழே படுவதால் பின்பக்கம் உயர வேண்டும். எவ்வளவு? உருண்டை முனைக்கும் பின் திருகுகளுக்கும் 80 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.16 மி.மீ. போதும். கண்ணுக்கே தெரியாத அளவு. திருகை முழுச் சுற்றாகச் சுற்றித் தள்ளிவிட்டால் குறித்தாளிலேயே படாது. முடித்ததும் மேல் கீழ் இரண்டு திருகுமே நீட்டத்தை இறுகத் தொட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொட்டு மற்றது இடைவெளி விட்டு நின்றால் சுடச்சுட ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் அமைவு) ஓடிக்கொண்டே இருக்கும். பியு-வில் ஜீரோ நிற்கவில்லை என்று ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு திருகுகளையும், அடித்தகட்டை ரிசீவரில் (போல்ட் ஓடும் உலோக உடலில்) பிடிக்கும் திருகுகளையும்தான்.

---

வடகரை:

மிக்க நன்றி ஐயா. உயரம் மவுண்டிலேயே சரியாகிவிட்டது. மேல் டிரம் 1-ல், 100 மீட்டரில் 2 செ.மீ.க்குள் நிற்கிறது. பக்க டிரம் 0-ல் வைத்தால் ரெட்டிகிள் நடுவில் இருக்கிறது, ஆனால் குண்டு அதே 31 செ.மீ. வலப்பக்கம். மவுண்டில் இட வலத்துக்குத் திருகு எதுவும் காணோம். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 60 மி.மீ. இருக்கிறது.

இன்னொன்று: டிரம்மை 1-லிருந்து 4-க்குக் கொண்டுபோய்த் திரும்ப 1-க்குக் கொண்டுவந்தால் முதல் தோட்டா சற்று மேலே படுகிறது, இரண்டாவது முதல் சரியாகிவிடுகிறது.

---

பழையஉருக்கு பதில்:

அந்த மவுண்டில் இட வலத் திருத்தத்துக்குத் திருகு கிடையாது. தொழிற்சாலையில் அடித்தகட்டை ரைபிளுக்கு ரைபிள் பொருத்திச் சரிசெய்து அனுப்பினார்கள். பின்னாளில் வேறு ரைபிளில் மாட்டப்பட்ட மவுண்டுகளில் இந்த வலப்பக்க, இடப்பக்க விலகல் வெகு சாதாரணம். ஸ்கோப் வளையத்துக்குள் மெல்லிய தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கணக்கு எளிது. 100 மீட்டரில் 31 செ.மீ. என்றால் ஆயிரத்துக்கு 3.1. வளைய இடைவெளி 60 மி.மீ.யை அதால் பெருக்கினால் 0.186 மி.மீ. குளிர்பான அலுமினிய டப்பாவின் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும், நுண்ணளவியால் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு துண்டு போதும். இரண்டையும் ஒரே வளையத்தில் வைக்காதீர்கள். குண்டு இடப்பக்கம் வர வேண்டும், ஆகவே பின்பக்கம் இடப்பக்கம் நகர வேண்டும். பின் வளையத்தின் உள்ளே வலச்சுவரில் ஒரு துண்டு, முன் வளையத்தின் உள்ளே இடச்சுவரில் ஒரு துண்டு. இப்படிப் பகிர்ந்தால் குழாய் ஒரு பக்கமாக மட்டும் நசுங்காது. கூட்டினால் 0.2 மி.மீ., 100 மீட்டரில் 33 செ.மீ. மீதி 2 செ.மீ.யை டிரம்மில் எடுத்துவிட்டு, கடைசியில் டிரம்மின் எண் வளையத்தை வழுக்கி 0-ல் வையுங்கள். தகட்டு ஓரங்களை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பிசிறு நீக்குங்கள், இல்லாவிட்டால் குழாயில் கீறல் விழும். வளையத் திருகுகளை ஒரு பக்கமாக முழுதும் இறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரெட்டிகிளின் பக்கக் கம்பிகள் படுக்கைவாட்டில் நேராக இருக்கின்றனவா என்று இறுக்கும் முன் ஒரு தூக்குக்குண்டுக் கயிற்றைப் பார்த்து ஒத்திட்டுக்கொள்ளுங்கள்.

இதே வேலைக்கு அடித்தகட்டை அரம் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். மெல்லிய தகட்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. 1943 ஆம் ஆண்டுப் பொருள் அது.

---

மில்லும்மீட்டரும் பதில்:

முதல் தோட்டா மட்டும் மேலே படுவது சட்டம் உடனே திரும்பி வராததால். 4-லிருந்து 1-க்கு வரும்போது திருகு பின்வாங்குகிறது. ஆனால் ரெட்டிகிள் சட்டம் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு முழுதாகப் பின்தொடர்வதில்லை, சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. ரெட்டிகிள் கீழே இருந்தால் குண்டு மேலே. முதல் தோட்டாவின் அதிர்ச்சி சட்டத்தை உதறி இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது, பிறகு எல்லாம் சரி. கிரீஸ் கெட்டிப்படும் குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, டிரம்மை எப்போதும் ஒரே திசையிலிருந்து எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 4-லிருந்து 1-க்கு இறங்கும்போது 1-ஐயும் தாண்டிக் கொஞ்சம் போய், திரும்ப மேலேறி 1-ல் நிறுத்துங்கள். திருகு சட்டத்தைத் தள்ளும் திசையில் முடித்தால் வில்லின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நிறுத்திய பிறகு திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டிரம்மின் அடிப்பகுதியில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுங்கள். பழைய ஸ்கோப்களுக்கு இது வழக்கமான வேலைதான். லூப்போல்டு எம்8 போன்ற கிளிக் இல்லாத அமெரிக்க ஸ்கோப்களிலும் இதையே செய்வார்கள்.

இரண்டாவது, டிரம்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முட்டும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, மெதுவாக இருபது முப்பது முறை ஓட்டுங்கள். கிரீஸ் இளகிப் பரவும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அதிலும் துருநீக்கித் தெளிப்பான் கூடவே கூடாது. மெல்லிய எண்ணெய் திருகு வழியாக உள்ளே ஊர்ந்து லென்ஸில் படலமாகப் படியும். அதன்பின் ஸ்கோப்பை முழுதாகப் பிரித்தால் தவிரத் துடைக்க வழியில்லை.

ஒரு சோதனையும் செய்து வையுங்கள், தோட்டா செலவே இல்லை. போல்ட் இல்லாத ரைபிளை அசையாதபடி இறுக்கி, 50 மீட்டரில் செ.மீ. குறித்த ஒரு பலகையைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்துங்கள். பக்க டிரம்மை 0-லிருந்து +5-க்குத் திருப்பினால் ரெட்டிகிள் 26 செ.மீ. நகர வேண்டும். −5-க்கும் அதே அளவு. திரும்ப 0-க்கு வந்தால் கிளம்பிய கோட்டிலேயே நிற்க வேண்டும். மேல் டிரம்மை ஏற்றும்போது ரெட்டிகிள் முனை செங்குத்துக் கோட்டை விட்டு விலகாமல் இறங்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஸ்கோப் வளையத்துக்குள் சுழன்று நிற்கிறது என்று பொருள். அந்தச் சாய்வு 100 மீட்டரில் தெரியாது, 500-ல் குறியை விட்டு வெளியே கொண்டுபோய்விடும்.

---

நீள்குழல் பதில்:

ஒன்று யாரும் சொல்லவில்லை: தூர எண்கள் எந்தத் தோட்டாவுக்கு?

டிரம் வெட்டப்பட்டது அந்தக் காலத்துச் சோவியத் ராணுவத் தோட்டாவுக்கு. 1908 வகை இலகு குண்டு 9.6 கிராம். இன்று கடையில் கிடைக்கும் 7.62×54 தோட்டாக்களில் 11 கிராமுக்கு மேற்பட்ட குண்டுகள் நிறைய. கிளம்பும் வேகம் குறைவு, ஆனால் வேகத்தைத் தக்கவைப்பது அதிகம். 300 மீட்டர் வரை டிரம் எண் ஏறத்தாழ ஒத்துவரும். அதற்கு மேல் எண்ணை நம்பாமல், 100 மீட்டரில் ஜீரோ செய்த பிறகு ஒவ்வொரு தூரத்திலும் சுட்டுப் பார்த்து, டிரம் எங்கே நின்றால் நடுவில் படுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தோட்டா வகையை மாற்றினால் அட்டவணையும் மாறும்.

விரைவாக ஒத்துப்பார்க்க: 1-ல் ஜீரோ செய்துவிட்டு, 100 மீட்டர்த் தாளிலேயே டிரம்மை 3-ல் வைத்துச் சுடுங்கள். இலகு குண்டுக்குக் குழு சுமார் 14 செ.மீ. மேலே ஏற வேண்டும். மிகவும் குறைவாகவோ கூடுதலாகவோ ஏறினால், உங்களிடம் இருப்பது வேறு டிரம் மாட்டப்பட்ட ஸ்கோப்பாகவோ பிற்காலப் போலியாகவோ இருக்கலாம். எண்கள் அச்சு அசலாக இருந்தும் உள்ளே வேறு மரை உள்ள போலிகள் புழக்கத்தில் உண்டு.

கண் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். பின்கண்ணாடியிலிருந்து ஏறத்தாழ 7 செ.மீ. பியு-வில் பார்வைக் குவியத்தைத் திருத்தும் வளையமும் இல்லை, பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்து தெரிவது) திருத்தமும் இல்லை. கண் ஒரு பக்கம் ஒதுங்கினால் வட்டத்தின் ஓரத்தில் பிறை போல நிழல் விழும், 100 மீட்டரில் சில செ.மீ. பிழை அதிலேயே போய்விடும். 91/30-இன் மரக்கட்டை (தோளில் ஊன்றும் பகுதி) இரும்புக் குறிகளுக்காகச் செய்தது. ஸ்கோப் உயரத்துக்குக் கன்னம் எட்டாது. துணியோ தோலோ சுற்றிக் கன்னம் படும் இடத்தை உயர்த்திய பிறகே ஜீரோவை முடிவு செய்யுங்கள். அதற்கு முன் எடுத்த அளவுகளைக் கொண்டு தகடு வெட்ட வேண்டாம். வடகரை சொன்ன 31 செ.மீ.யில் எவ்வளவு மவுண்டினால், எவ்வளவு கன்னம் நிலையாகப் படியாததால் என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். ஐந்து தோட்டாக் குழுவாக மூன்று முறை சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.